எத்தனையாவது விநாடியில் கட்டாகிறது?

“லைன் கட்டாகுது, வந்து பாருங்க” என்று கடையிலிருந்து போன் வந்தால், பையைத் தூக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எடுத்ததிலிருந்து எத்தனையாவது விநாடியில் கட்டாகிறது? கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று அழைப்புகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் அறுந்தால் பாதி வேலை முடிந்தது. அலுவலகத்தின் போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் பெட்டி பிபிஎக்ஸ். அதற்குள் ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு டைமர் ஓடுகிறது. எந்த எண்ணில் அறுகிறதோ, அந்த டைமரின் பக்கம்தான் கோளாறு. நேரம் ஒவ்வொரு முறையும் மாறினால் வயர், ஈரம், வைஃபை, இணைய நெரிசல் என்று தேட வேண்டும்.

இங்கே சொல்வது சிங்கப்பூரின் சிறிய அலுவலகங்களுக்கு. தேக்காவில் ஒரு நகைக்கடை, ஊபியில் ஒரு பட்டறை, நான்கிலிருந்து எட்டு லைன், பத்து இருபது எக்ஸ்டென்ஷன். பெட்டி பழைய பானாசோனிக்காக இருக்கலாம், ஆஸ்டெரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் ஓடும் சின்னக் கணினியாகவும் இருக்கலாம்.

32 விநாடி

வெளியிலிருந்து அழைப்பு வருகிறது. எடுக்கிறார்கள். இருபக்கமும் தெளிவாகக் கேட்கிறது. அரை நிமிடம் தாண்டியதும் பட்டென்று அறுகிறது. அளந்து பார்த்தால் 32 விநாடி.

அழைப்பை எடுத்ததும் பிபிஎக்ஸ் டெல்கோவுக்கு, அதாவது தொலைபேசி நிறுவனத்துக்கு, ‘200 ஓகே’ என்ற செய்தியை அனுப்புகிறது. அதற்கு டெல்கோ ‘ஏசிகே’ என்று ஒப்புகை தர வேண்டும். வரவில்லையென்றால் அதே 200 ஓகே அரை விநாடியில் மறுபடி போகும். பிறகு ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி கூடி, அதற்கு மேல் நான்கு நான்கு விநாடியாகவே தொடரும். அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் போகும் இந்தச் செய்திகளின் நெறிமுறைதான் எஸ்ஐபி. அதன் அடிப்படை டைமரான டி1 என்பது 500 மில்லிவிநாடி. அதன் 64 மடங்குதான் 32 விநாடி. அதுவரை ஒப்புகை வராவிட்டால் பிபிஎக்ஸ் தானே ‘பை’ அனுப்பித் துண்டித்துவிடும். குரல் ஆர்டிபி என்ற வேறு பாதையில் போவதால், பேசுபவர்களுக்கு இந்தத் தவிப்பு எதுவும் தெரியாது. கடைக்காரர் “நல்லாத்தானே கேட்டுச்சு” என்று சொல்வதும் அதனால்தான்.

ஒப்புகை ஏன் வரவில்லை? 200 ஓகேக்குள் ‘காண்டாக்ட்’ என்று ஒரு வரி இருக்கும். ‘எனக்கு எழுத வேண்டிய முகவரி இது’ என்று பொருள். பிபிஎக்ஸ் அதில் 192.168.1.10 போன்ற உள்முகவரியைப் போட்டிருந்தால், டெல்கோ அந்த முகவரிக்கே ஏசிகேயை அனுப்பும். அது எங்கும் போய்ச் சேராது. எஸ்ஐபி செய்திகளை வரிசையாகக் காட்டும் எஸ்என்ஜிரெப் கருவியில் அந்த அழைப்பைத் திறந்தால், ஒரே 200 ஓகே பதினோரு முறை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம்: முதல் முறை ஒன்று, மறுபடி அனுப்பியது பத்து. எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அம்புக்குறிகூட வராது. இதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மருந்து இரண்டு. ஆஸ்டெரிஸ்க்கில் எஸ்ஐபியைக் கவனிக்கும் பகுதியான பிஜேசிப்பின் டிரான்ஸ்போர்ட் அமைப்பில் வெளிமுகவரியை சிக்னலிங்குக்கும் மீடியாவுக்கும் தனித்தனியாகக் கொடுத்து, அலுவலகத்தின் உள்நெட்வொர்க் எது என்பதையும் குறிப்பிட வேண்டும். டிரான்ஸ்போர்ட் அமைப்பை மாற்றிவிட்டு ரீலோட் மட்டும் செய்தால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பலர் இங்கேதான் ஏமாந்து, சரியான மாற்றத்தைச் செய்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று திரும்ப அழிக்கிறார்கள். இரண்டாவது, ரவுட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’யை அணைப்பது. எஸ்ஐபிக்கு உதவுவதற்காகப் போட்ட வசதி அது. பாதி முகவரியைத் திருத்தி, மீதியை அப்படியே விட்டு, இருந்ததையும் கெடுப்பதுதான் அதன் வழக்கம். ரவுட்டரை மாற்றினாலோ ஃபேர்ம்வேரைப் புதுப்பித்தாலோ அது தானாகத் திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதே முகவரிப் பிழை, குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ‘எஸ்டிபி’ பகுதியில் இருந்தால் அழைப்பு அறுகாது; ஒருபக்கம் மட்டும் கேட்கும். ஆர்டிபிக்கு ஆஸ்டெரிஸ்க்கில் வழக்கமாக யுடிபி போர்ட் 10000 முதல் 20000 வரை. ஃபயர்வாலில் அதைச் சுருக்கினால் ஆர்டிபி அமைப்பிலும் அதே அளவுக்குச் சுருக்குங்கள். ஓர் அழைப்பின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு போர்ட் தேவை. இருபது பேர் பேசுகிற இடத்தில் ஐம்பது போர்ட் போதாது.

வெளியே டயல் செய்தால் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து, 32 விநாடி கழித்துத் தோல்வி என்றால், அது வேறு. அழைப்புக்கான ‘இன்வைட்’ செய்தி ஏழு முறை போயும் பதில் ஒன்றும் வரவில்லை. தவறான சர்வர் முகவரி, ஃபயர்வால், அல்லது செய்தி அளவில் பெரிதாகிவிட்டது என்று மூன்று காரணம் பார்க்கலாம். கடைசியை யாரும் சந்தேகிப்பதில்லை. குரலை டிஜிட்டலாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். வேண்டாத கோடெக் எல்லாவற்றையும் டிக் செய்து வைத்தால் இன்வைட் 1500 பைட்டைத் தாண்டி இரண்டு துண்டாகும். வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் இரண்டாம் துண்டை விழுங்கிவிடும். ஜி.711 ஏ-லா ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இங்குள்ள நெட்வொர்க் ஏ-லாதான். மியூ-லா அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓடுவது.

15 நிமிடம், அல்லது 29 நிமிடம் 28 விநாடி

நீண்ட அழைப்புகள் மட்டும் அறுகின்றன, சின்ன அழைப்புகளுக்கு ஒன்றுமில்லை என்றால் செஷன் டைமரைப் பாருங்கள். வழக்கமான அளவு 1800 விநாடி. பாதி நேரத்தில், அதாவது 15ஆவது நிமிடத்தில், ஒரு தரப்பு ‘இன்னும் இருக்கிறாயா’ என்று மறுபடி இன்வைட் அனுப்பும். அதற்கு மறுப்பு வந்தால் அங்கேயே அறுகும். அந்தச் செய்தி வந்தே சேராவிட்டால், மறுதரப்பு முழு நேரம் முடிய 32 விநாடி இருக்கும்போது தானே துண்டிக்கும். அதனால்தான் 29 நிமிடம் 28 விநாடி என்ற விசித்திரமான எண். மறு இன்வைட்டில் கோடெக் பட்டியல் மாறிப்போவதும் உண்டு. பதிலில் 488 வந்தால் அதுதான். டெல்கோ சம்மதித்தால் டைமரையே அணைக்கலாம். நான் அதைவிட காண்டாக்ட் முகவரியைச் சரிசெய்வதையே சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலும் இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம்.

இன்னொரு வகை: காலையில் கடை திறந்து முதல் ஆள் வெளியே அழைக்கும்வரை உள்ளே எந்த அழைப்பும் வருவதில்லை, அழைத்துவிட்டால் கொஞ்ச நேரம் எல்லாம் சரி. ரவுட்டர், யுடிபி பாதையைச் சும்மா கிடந்தால் மூடிவிடுகிறது. சில ரவுட்டர்களில் 30 விநாடியே போதும். பிபிஎக்ஸ் டெல்கோவிடம் தன் முகவரியைப் பதியும் ரெஜிஸ்ட்ரேஷன் 3600 விநாடிக்கு ஒருமுறை என்று இருந்தால் இடையில் கதவு மூடியே கிடக்கும். குவாலிஃபை என்ற ‘ஆப்ஷன்ஸ்’ செய்தியை 25 விநாடிக்கு ஒருமுறை அனுப்ப வைத்தால் தீர்ந்தது.

கட்டாகவே கட்டாகாத லைன்

காப்பர் லைனிலும், ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள ஆர்ஜே11 துளையிலிருந்து எடுக்கும் லைனிலும் நேர் எதிரான குறை வரும். அழைத்தவர் வைத்துவிட்டார்; பிபிஎக்ஸுக்குத் தெரியவில்லை. குரல்பெட்டி காற்றைப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். நான்கு லைனும் ஒவ்வொன்றாக இப்படி மாட்டி, மதியத்துக்குள் “எல்லா லைனும் எங்கேஜ்” என்று புகார் வரும். பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாளும் அதே கதை.

லைனில் அழைப்பு முடிந்ததைச் சொல்ல மூன்று வழி: மின்னழுத்தம் ஒரு கணம் சுழியாவது, துருவம் மாறுவது, அல்லது வெறும் பிசி டோன். எது வருகிறது என்று ஊகிக்க வேண்டாம். மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஜோடிக்குக் குறுக்கே போடுங்கள். சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட். ரிசீவரை எடுத்தால் 6 முதல் 10 வோல்ட் வரை இறங்கும். கைபேசியிலிருந்து அழைத்து, எடுத்து, கைபேசியில் வைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். முன்னால் மைனஸ் வந்தாலோ போனாலோ துருவமாற்றம். ஒரு கணம் சுழிக்குப் போய் வந்தால் முதல் வகை. இதை டிஜிட்டல் மீட்டர் தவறவிடக்கூடும், இரண்டு மூன்று முறை பாருங்கள். ஒன்றுமே அசையவில்லையென்றால் டோன் மட்டும்தான். ரிங் வரும்போது மீட்டர் முனையைக் கையால் தொடாதீர்கள். 75 முதல் 90 வோல்ட் ஏசி, ஏணியிலிருந்து விழ வைக்கும்.

டோன் மட்டும் என்றால் சிங்கப்பூரின் பிசி டோன் 425 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. நெரிசல் டோன் அதே 425, கால் விநாடிக்குக் கால் விநாடி. ரிங் இரட்டை மணி: 0.4 ஒலி, 0.2 அமைதி, 0.4 ஒலி, 2 விநாடி அமைதி. பெட்டியில் நாட்டை அமெரிக்கா என்று விட்டுவைத்தால், அது 480, 620 ஹெர்ட்ஸை அரை விநாடிக்கு அரை விநாடி என்று தேடிக்கொண்டிருக்கும். இங்குள்ள டோன் அதன் காதில் விழவே விழாது. பட்டியலில் சிங்கப்பூர் இருந்தால் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கையால் 425, 750, 750 என்று போடுங்கள்.

எத்தனை டோன் கேட்டதும் துண்டிக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை நான்காக வையுங்கள். நான்கு சுற்றுக்கு 6 விநாடி ஆகும், பரவாயில்லை. அவசரப்பட்டு இரண்டாக்கினால், பேச்சின் நடுவே யாராவது சீராக ஒலி எழுப்பினாலே அழைப்பு அறுந்துவிடும்; அப்புறம் அது நேரம் மாறி மாறி அறுகிற கோளாறாகி உங்களையே சுற்றவிடும். ஃபைபர் பெட்டி தரும் லைனில் டோன் அந்தப் பெட்டிக்குள்ளேயே உண்டாவதால், அளவு வேறாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் பத்து விநாடி பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, ஒலியும் அமைதியும் எத்தனை நேரம் என்று அளந்து அந்த எண்ணையே போடுங்கள்.

டயல் செய்தபின் ஊமையாக இருக்கும் ஐந்து விநாடி

எண்ணை அழுத்தி முடித்து, ரிங் கேட்க நான்கைந்து விநாடி ஆகிறதென்றால், போன் இன்னும் இலக்கம் வரும் என்று காத்திருக்கிறது. டயல் விதி எழுதாததால் வரும் தாமதம் இது. இங்கே எண்கள் தெளிவானவை: 2002இல் எட்டு இலக்கமானபோது நிலவழி எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்தது, கைபேசி 8, 9, இணையவழி எண்கள் 3. ஆக 3, 6, 8, 9 என்று தொடங்கினால் எட்டு இலக்கம் முடிந்ததும் உடனே அனுப்பு என்று ஒரு விதி. 1800க்குப் பின் ஏழு இலக்கம். 0 என்று தொடங்குவது வெளிநாடு. அதற்கு நீளம் நிலையில்லாததால் அங்கே காத்திருப்பு வேண்டும், அல்லது கடைசியில் ‘ஹாஷ்’ அழுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

இதிலிருந்தே எக்ஸ்டென்ஷன் எண் எதில் தொடங்க வேண்டும் என்பதும் கிடைக்கிறது. 3, 6, 8, 9 வெளி எண்களுக்குப் போயிற்று. 1இல் 1800உம் நாலிலக்க எண்களும் நிற்கின்றன. 0 வெளிநாட்டுக்கு. மிச்சம் 2, 4, 5, 7. புதிதாகப் போடுகிற எந்த இடத்திலும் 201, 202 என்று தொடங்குங்கள். 101இலிருந்து போடுவது பழைய பழக்கம், பின்னால் உரசும்.

‘9 அழுத்தி லைன் எடு’ என்ற வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பானாசோனிக் டிஇஎஸ்824 போன்ற பெட்டிகளில் 9 ஏதாவது ஒரு காலி லைனைத் தரும், 81 முதல் 88 வரை குறிப்பிட்ட லைன் குழுவைத் தரும். அந்தப் பெட்டியில் பதற்றத்தில் ஒருவர் நேராக 999 அழுத்தினால், முதல் 9 லைனை எடுக்கும், டெல்கோவுக்குப் போவது 99 மட்டும். காவல்துறை வராது. ஆம்புலன்ஸுக்கான 995க்கும் அதே கதி. இத்தகைய இடங்களில் ஒவ்வொரு போனிலும் ‘9, பிறகு 999 அல்லது 995’ என்று சீட்டு ஒட்டுங்கள். தமிழிலும் ஒட்டுங்கள்; இரவில் கடையில் தங்கிச் சரக்கு எண்ணுபவர் யார் என்று யோசித்தால் காரணம் புரியும்.

ஐபி பெட்டியில் 9ஐ அடியோடு விட்டுவிடுவதே என் முடிவு. 9 இருந்தால் 9க்குப் பின் 95 என்று தொடங்கும் எந்த எண்ணும் போனின் டயல் விதிக்கு 995 போலவே தெரியும். அவசர எண்ணை உடனே அனுப்பு என்று எழுதியிருந்தால் ஆம்புலன்ஸுக்குப் போய்விடும். பழக்கத்தை மாற்ற மறுத்தால் 999, 9999, 995, 9995 நான்கையும் அவசர வழியில் எழுதுங்கள். சோதிப்பதற்காக உண்மையிலேயே 995ஐ அழைக்காதீர்கள். ஆஸ்டெரிஸ்க்கில் அந்த எண் எந்த வழியில் போகும் என்பதை டயல்பிளானைக் காட்டச் சொல்லும் கட்டளையே சொல்லிவிடும்.

இன்னொன்று. 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு அழைப்புகளுக்கு முன்னால் ‘+’ குறி வருகிறது. தவறவிட்ட அழைப்புப் பட்டியலிலிருந்து அப்படியே திருப்பி அழைத்தால் + டயல் விதியில் மாட்டித் தோற்கும். +ஐ 001 அல்லது உங்கள் டெல்கோவின் முன்னொட்டாக மாற்றும் விதி ஒன்று போதும்.

நேரம் மாறி மாறி வருபவை

மழை விட்ட மறுநாள் லைனில் கரகரப்பு என்றால் மென்பொருளைத் தொடாதீர்கள். சிங்கப்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் அதிகம்; கட்டடத்தின் லைன்கள் எல்லாம் வந்துசேரும் அடித்தள எம்டிஎஃப் அறைகளில் ஈரமும் சேரும். வயரைக் கவ்விப் பிடிக்கும் குரோன் மாட்யூலில் பச்சை பூத்த வயர்முனையை அரை இஞ்ச் வெட்டி, குரோன் கருவியால் மறுபடி அடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் கவ்வி விரிந்து, ஆறு மாதத்தில் அதே ஜோடி திரும்ப வரும். டெல்கோ பக்க ஜோடியில் கை வைக்கக்கூடாது. அங்கே டெஸ்ட் போனைப் போட்டுக் கேட்டு, கரகரப்பு அங்கேயே இருந்தால் புகார் எண் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வொரு காப்பர் ஜோடிக்கும் மின்னலைத் தரைக்குத் திருப்பும் கேஸ் அரெஸ்டர் போட்டு, அதை முறையாக எர்த் செய்தால், லைன் செருகும் எஃப்எக்ஸ்ஓ கார்டு பிழைக்கும். எர்த் இல்லாத அரெஸ்டர் வெறும் அலங்காரம்.

குரல் விட்டுவிட்டு வந்தால் நெட்வொர்க். ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு ஈதர்நெட்டில் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட். எட்டு பேர் பேசினாலும் ஒரு மெகாபிட் ஆகாது. ஆகவே ‘பெரிய பிளான் வாங்குங்க’ என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். சிசிடிவி பதிவு மேலேறும் நேரத்தில் குரல் பொட்டலங்கள் சீரில்லாமல் வந்துசேர்வதுதான் பெரும்பாலும் காரணம். குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமைக் குறியான டிஎஸ்சிபி 46, போன்களுக்குத் தனி வீலான் (அதே வயரில் பிரித்த தனி நெட்வொர்க்), அவ்வளவுதான்.

வங்கியின் மெனுவில் எண் அழுத்தினால் ஏற்கவில்லையா? அழுத்திய எண்ணை மறுமுனைக்கு அனுப்பும் டிடிஎம்எஃப் முறையை ஆர்எஃப்சி 4733க்கு மாற்றுங்கள், சில திரைகளில் 2833 என்றே இருக்கும். ஒவ்வொரு எண்ணும் இரண்டு முறை விழுந்தால் குரலோடு கலந்து போகும் இன்பேண்டும் சேர்ந்து போகிறது, அதை நிறுத்துங்கள்.

வரவேற்புக் குரலுக்கு 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு. ‘தமிழுக்கு நான்கை அழுத்தவும்’ என்னும்போது கேட்பவர் தன் மொழியைக் கேட்டபின் எண்ணைக் கேட்கிறார். நம் மொழி அமைப்பே சரியான வரிசையைத் தருகிறது. ஆங்கிலப் பதிவிலும் அதே வரிசையைப் பின்பற்றச் சொல்லுங்கள். அழைப்பைப் பதிவுசெய்வதாக இருந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் பதிவாகிறது, எதற்காக என்று அந்தக் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

சனி இரவு

எஸ்ஐபியின் போர்ட்டான 5060ஐ உலகத்துக்குத் திறந்துவைத்தால் சில நிமிடங்களிலேயே லாகில் 100, 101, 1000 என்று யாரோ எக்ஸ்டென்ஷன் தேடுவது தெரியும். ‘ஃபிரெண்ட்லி ஸ்கேனர்’ என்று தன்னை அழைத்துக்கொள்வதும் அதில் உண்டு, நட்பு ஒன்றுமில்லை. கடவுச்சொல் 201க்கு 201 என்று இருந்தால் நுழைந்துவிடுவார்கள். கடை பூட்டியிருக்கும் சனி இரவிலும் பண்டிகை விடுமுறையிலும் தொலைதூர நாடுகளுக்கு அழைப்பு ஓடும். திங்கட்கிழமை பில் கடைக்காரர் பெயருக்கு வரும். டெல்கோவின் ஐபி முகவரிக்கு மட்டும் 5060ஐத் திறந்துவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பை எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் மூடி, தேவைப்படும் இரண்டுக்கு மட்டும் ரகசிய எண்ணுடன் விடுங்கள். ஒரே நேரத்தில் போகும் வெளிநாட்டு அழைப்பை ஒன்றாகக் கட்டுப்படுத்துங்கள். பழைய பானாசோனிக்கில் புரோகிராம் கடவுச்சொல் 1234 என்றே இருக்கும், முதல் நாளே மாற்றுங்கள்.

மின்சாரம் போனால் ஐபி போன் எல்லாம் செத்துவிடும், ஃபைபர் பெட்டியும்தான். யுபிஎஸ் வைத்தால் பிபிஎக்ஸ், போன்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒன்று வெளியே இருந்தாலும் மற்ற மூன்றும் வீண். காப்பர் லைன் இருக்கும் இடத்தில் பெட்டியின் பவர் ஃபெயிலியர் போர்ட்டில் ஒரு சாதாரண போனை மாட்டுங்கள். கார்ட்லெஸ் வேண்டாம், அதற்கும் கரண்ட் வேண்டும். மாட்டியபின் பிபிஎக்ஸின் பிளக்கைப் பிடுங்கி, அந்தப் போனில் டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பச் செருகுங்கள்.